அவனுக்குள் எத்தனை வெப்பம்?

சமையல் குறிப்பில் சொன்னபடியே அவனின் (oven) குமிழை 180 டிகிரியில் வைத்து, சொன்ன நேரத்தில் எடுத்தும் கேக் மேலே கருகி, நடுவில் கொழகொழவென்று இருக்கிறதா? மாவையோ பேக்கிங் பவுடரையோ சந்தேகிப்பதற்கு முன், அந்த 180-ஐக் கொஞ்சம் விசாரிக்கலாம்.

வீட்டில் இருக்கும் ஓ.டி.ஜி. வகை மின் அவனில், சூடேற்றும் ராடுக்கு இரண்டே நிலைதான்: எரியும், அல்லது அணையும். வெப்பம் 180-ஐத் தாண்டியதும் தெர்மோஸ்டாட் மின்சாரத்தைத் துண்டிக்கும். ஓரளவு இறங்கியதும் மறுபடி கொடுக்கும். ஆக, உள்ளே வெப்பம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. அதுவும் தெர்மோஸ்டாட் இருக்கும் மூலையின் கணக்குதான். டிரேயின் நடுவில் நிலவரம் வேறாக இருக்கலாம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் அவன் தெர்மாமீட்டரைக் கம்பித் தட்டில் வைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

இன்னொரு சோதனையும் உண்டு. தட்டு முழுக்க பிரெட் துண்டுகளை நெருக்கி அடுக்கிச் சூடாக்குங்கள். ஓரிடத்தில் கருஞ்சிவப்பு, ஓரிடத்தில் வெளிர் மஞ்சள் என்று உங்கள் அவனின் வெப்ப வரைபடமே கையில் கிடைக்கும். சூடு அதிகமுள்ள பக்கம் தெரிந்துவிட்டால், பாதி வெந்த பிறகு டிரேயைத் திருப்பி வைத்தால் போதும்.

சுவர் சூடாக வேண்டும்

பிரீஹீட் விளக்கு அணைந்தால் காற்று சூடாகிவிட்டது என்று அர்த்தம். சுவர்கள் இன்னும் சூடாகியிருக்காது. கதவைத் திறந்ததும் சூடான காற்று வெளியேறிவிடும். இழந்த வெப்பத்தை ஈடுகட்டுவது சுவர்களில் சேர்ந்திருக்கும் சூடுதான். அதனால் விளக்கு அணைந்த பிறகும் பத்து நிமிடம் பொறுப்பது நல்லது.

சுவரும் ராடும் வெப்பத்தைக் கதிர்வீச்சாகவும் அனுப்புகின்றன. கறுப்பு டின் அதை உறிஞ்சும். பளபளக்கும் அலுமினிய டின் திருப்பி அனுப்பும். ஆகவே கறுப்பு டின்னுக்குப் பத்துப் பதினைந்து டிகிரி குறைக்க வேண்டும். ஃபேன் ஓடும் அவன் என்றால் 20 டிகிரி வரை குறைக்கலாம்.

கேக் வேகும்போது அடிக்கடி திறந்து பார்ப்பதும் ஆபத்து. மாவு இறுகும் முன்பே வெப்பம் சரிந்தால், குமிழிகளைத் தாங்க ஆளில்லாமல் நடுப்பகுதி அமுங்கிவிடும். மூன்றில் இரண்டு பங்கு நேரம் வரை கண்ணாடி வழியாகப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஈரம்தான் எதிரி

கோழியோ காலிஃபிளவரோ ரோஸ்ட் செய்யும்போது கதை வேறு. இங்கே வேண்டியது பொன்னிறமும் மொறுமொறுப்பும். அமினோ அமிலங்களும் சர்க்கரையும் சூட்டில் வினைபுரிந்து நிறமும் மணமும் தருவதை 1912-ல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மயார் விவரித்தார். இந்த வினை வேகம் பிடிக்க சுமார் 140 டிகிரி வேண்டும். மேற்பரப்பு ஈரமாக இருக்கும்வரை அது 100 டிகிரியைத் தாண்டாது. ஒரே மாவில் செய்தாலும் ஆவியில் வேகும் இட்லி வெள்ளையாகவும், காய்ந்த கல்லில் வார்க்கும் தோசை சிவந்தும் வருவது இதனால்தான்.

ஒரு கிராம் நீரை 30 டிகிரியிலிருந்து 100-க்குக் கொண்டுபோக 70 கலோரி போதும். அதை ஆவியாக்க மேலும் 540 கலோரி வேண்டும். ஈரத்தோடு உள்ளே போகும் கோழி, அவனின் சூட்டில் பெரும்பங்கை அந்த நீரை விரட்டவே செலவழிக்கும். ஆகவே துணியால் ஒற்றி எடுத்து, முந்தைய நாளே உப்புத் தடவி, ஃப்ரிட்ஜில் மூடாமல் வையுங்கள்; தோல் நன்றாக உலர்ந்துவிடும். உருளைக்கிழங்குத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிக்காமல் இடைவெளி விட்டுப் பரப்புங்கள். நெருக்கினால் அவை விடும் நீராவியிலேயே அவிந்துவிடும்.

நிறம் வந்துவிட்டது என்பதற்காக உள்ளே வெந்துவிட்டது என்று நம்பிவிடக் கூடாது. கோழியின் தடித்த பகுதியில், எலும்பில் படாமல், இறைச்சி தெர்மாமீட்டரைக் குத்திப் பாருங்கள். 74 டிகிரி காட்டினால் பாதுகாப்பாகச் சாப்பிடலாம். அதற்குள் தோல் கருகத் தொடங்கினால் மேலே அலுமினியத் தாளைப் போர்த்திவிட்டு வேகவிடுங்கள். குறிப்பில் போட்டிருக்கும் நிமிடக் கணக்கு ஓர் உத்தேசம்தான்.