பரிசுப் பொட்டலத்தில் எந்த எழுத்து?

பாலக்காடு, இடுக்கி எல்லையில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கப் பணமும் பாசமும் மட்டும் போதாது. மொழியையும் இடத்தையும் பார்த்தாக வேண்டும்.

பத்து வயதுப் பிள்ளைக்குப் பிறந்தநாள் வருகிறது. பிள்ளை சென்னையிலோ மதுரையிலோ இருந்தால் சித்தப்பாவின் கவலையெல்லாம் விலையைப் பற்றியதுதான். அதே பிள்ளை மூணாறு தேயிலை எஸ்டேட்டிலோ, சித்தூர் தாலுகாவின் கொழிஞ்சாம்பாறையிலோ இருந்தால் வேறொரு கேள்வி முந்திக்கொள்கிறது. புத்தகத்தை எந்த மொழியில் வாங்குவது?

இந்தப் பிள்ளைகள் வீட்டில் பேசுவது தமிழ். பஸ் பலகையும் ரேஷன் கடை அறிவிப்பும் மலையாளம். தமிழ் மீடியம் பள்ளியில் படித்தாலும் மலையாளமும் இங்கிலீஷும் உண்டு, ஐந்தாம் வகுப்பில் இந்தியும் வந்து சேர்கிறது. பன்னிரண்டு வயதுக்குள் நான்கு வகை எழுத்துகள். பொள்ளாச்சியில் அரசுப் பள்ளிக்குப் போகும் இதே வயதுப் பிள்ளைக்கு இரண்டுதான்.

வரலாறு செய்த வேலை இது. 1956 நவம்பர் 1-இல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் கேரளத்தோடு நின்றன. சித்தூர் அதற்கு முன்பே கொச்சி ராஜ்யத்தைச் சேர்ந்தது. அதே ஆண்டில் அரசியல் சட்டத்தில் 350ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மையினரின் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர மாநிலங்கள் வசதி செய்ய வேண்டும் என்கிறது அது. கேரள அரசு தமிழில் பாடப்புத்தகம் அச்சிடுகிறது. எஸ்.எஸ்.எல்.சி. தேர்வையும் தமிழில் எழுதலாம். 2017-இல் வந்த சட்டம் பத்தாம் வகுப்பு வரை மலையாளத்தைக் கட்டாயமாக்கியது. அதைப் பற்றி எல்லையில் ஆளுக்கொரு கருத்து இருக்கிறது. ஆனால் கேரளத்தில் பிழைக்கப் போகும் பிள்ளைக்கு மலையாளம் வேண்டாம் என்று சொல்பவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஆகவே சிக்கல் பாடப்புத்தகத்தில் இல்லை. அது முடியும் இடத்தில் தொடங்குகிறது. கொஞ்சம் வசதி வந்ததும் பெற்றோர் பிள்ளையை இங்கிலீஷ் மீடியத்துக்கு மாற்றுகிறார்கள். அந்தப் பிள்ளைக்குத் தமிழ் பேச வரும், சினிமா வசனம் தலைகீழாகத் தெரியும், ஆனால் பாட்டி கையில் இருக்கும் வாரப் பத்திரிகையைக் கொடுத்தால் எழுத்துக் கூட்டும். எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வரையான காலம்தான் எழுத்துக் கூட்டுகிற பிள்ளை ருசித்துப் படிக்கிற பிள்ளையாக மாறுகிற காலம். அது தேர்வுக்கான புத்தகத்தை வைத்து நடப்பதில்லை. யாரோ கொடுத்த, யாரும் கேள்வி கேட்காத புத்தகத்தை வைத்து நடக்கிறது. பரிசுப் பொட்டலத்துக்கு இருக்கும் வேலை இதுதான். சின்ன வேலையல்ல.

பெரியவர்கள் பெரும்பாலும் என்ன கொடுக்கிறார்கள்? பள்ளி ஆண்டு விழா மேடையைப் பார்த்தால் போதும். பொன்மொழித் தொகுப்பு, தலைவர்கள் வரலாறு, உரையோடு கூடிய திருக்குறள். மூன்றும் நல்ல புத்தகங்கள்தான். மூன்றும் பிரிக்காத நிலையில் ஷோகேஸில் இருக்கும். பத்து வயதுப் பிள்ளை கதை கேட்கிறது. அதுவும் தன் வயதுப் பிள்ளை மாட்டிக்கொண்டு தப்பிக்கும் கதை. எல்லைப் பிள்ளைக்கு இன்னொரு தடையும் உண்டு. அது பேசும் தமிழில் மலையாளச் சொல் தாராளமாகக் கலந்திருக்கும். அதன் கையில் கரடுமுரடான செந்தமிழ்க் கதையைக் கொடுத்தால் ஒரு பக்கம் தாண்டாது, பக்கத்து வீட்டு 'பாலரமா'வுக்குப் போய்விடும். போனால் குற்றமில்லை. ஆனால் தமிழ் என்றால் கஷ்டம் என்ற எண்ணம் தங்கிவிடும்.

கடையில் செய்து பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்துப் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விரலை மடக்கட்டும். ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகம் அடுத்த வருஷத்துக்கு. விரலே மடங்கவில்லை என்றால் தம்பிக்கோ தங்கைக்கோ. கடைக்குப் பிள்ளையைக் கூட்டிப் போவது ஆச்சரியப் பரிசின் ருசியைக் கெடுக்கும் என்று நினைப்பவர்கள், தான் பொறுக்கிய புத்தகத்தைப் பிள்ளை எப்படிக் கட்டிக்கொண்டு வருகிறது என்பதைப் பார்த்ததில்லை போலும்.

எல்லைப் பிள்ளைக்கென்றே ஒரு சலுகை இருக்கிறது. அதைத் தமிழ்நாட்டுப் பிள்ளையும் அனுபவிக்க முடியாது, திருச்சூர்ப் பிள்ளையும் அனுபவிக்க முடியாது: ஒரே புத்தகத்தை இரண்டு மொழியிலும் படிக்கலாம். ஜப்பானிய எழுத்தாளர் டெட்சுகோ குரோயாநாகி 1981-இல் எழுதிய 'டோட்டோ-சான்' தமிழிலும் இருக்கிறது, மலையாளத்திலும் இருக்கிறது. குறும்புக்காக ஒரு பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டு, ரயில் பெட்டிகளே வகுப்பறையான இன்னொரு பள்ளிக்குப் போகும் சிறுமியின் கதை. முதலில் தமிழ், கதை தெரிந்த தைரியத்தில் அடுத்து மலையாளம். அகராதி வேண்டியதில்லை. வைக்கம் முகம்மது பஷீரின் 'பாத்துமாவின் ஆடு' 1959-இல் மலையாளத்தில் வந்தது. அதற்கும் தமிழ் மொழிபெயர்ப்பு உண்டு. அண்ணன் தம்பி குடும்பங்கள் முட்டி மோதும் வீட்டில் கண்டதையும் தின்னும் ஆடு, பஷீரின் புத்தகங்களையும் விட்டு வைக்காத ஆடு. பன்னிரண்டு வயதுக்குத் தாராளமாகப் புரியும். 1957-இல் தொடங்கிய நேஷனல் புக் டிரஸ்ட், சென்னையின் தூலிகா பதிப்பகம் போன்றவை ஒரே சிறுவர் நூலைப் பல மொழிகளில் போடுவதால் இப்படி ஜோடி சேர்ப்பது கடினமல்ல. இரண்டும் சேர்ந்து ஒரு பிளாஸ்டிக் ரிமோட் கார் விலைகூட வராது.

மலையாளச் சிறுவர் நூல்கள் பலவற்றைத் தமிழுக்குக் கொண்டுவந்த யூமா வாசுகி, 'தன்வியின் பிறந்தநாள்' கதைத் தொகுப்புக்காக 2024-இல் சாகித்ய அகாதெமியின் பால சாகித்ய புரஸ்கார் பெற்றார். அதற்கு முந்தைய ஆண்டு அந்த விருது உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை'க்குப் போனது. அவரும் மலையாளத்திலிருந்து நிறைய மொழிபெயர்த்தவர். எது வாங்குவது என்று தெரியாமல் கடையில் நிற்பவர்களுக்கு இந்த விருதுப் பட்டியல் மோசமான துணையல்ல. 2020-இல் விருது பெற்ற யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெரியவர்களின் தவறான தொடுதலைப் பற்றிப் பிள்ளைகளோடு பேசும் கதை. அம்மா அப்பா இருவரும் வேலைக்குப் போய், பிள்ளை மாலையில் தனியாகவோ பக்கத்து வீட்டிலோ இருக்கும் குடும்பங்களில் இந்தப் புத்தகத்தை முதலில் பெற்றோர் படித்துவிட்டுப் பிறகு கொடுப்பது நல்லது. கொடுத்த பிறகு பிள்ளை கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லத் தயாராக இருக்க வேண்டும்.

தன் பெயருக்கு வரும் தபால் இந்த வயதில் பெரிய கௌரவம். தமிழில் 1947 முதல் வந்த 'அம்புலிமாமா' நின்றுவிட்டது. ஆனால் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987-இல் தொடங்கிய 'துளிர்' இருக்கிறது. கேரள சாஸ்த்ர சாகித்ய பரிஷத் 1970-இல் தொடங்கிய 'யுரீக்கா' இருக்கிறது. இரண்டுமே அறிவியலைப் பிள்ளைக்குப் பிள்ளை மொழியில் சொல்பவை. ஒரு வருஷச் சந்தா என்பது பல முறை பிரிக்கும் பரிசு.

பொம்மை விஷயத்தில் சுருக்கமாக இரண்டு வார்த்தை. 2021 ஜனவரி முதல் பதினாலு வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். தேர்க்கடையில் வாங்கினாலும் பாருங்கள். கல்பாத்தித் தேர் என்றால் கேட்கவே வேண்டாம், தெரு முழுக்கக் கடைகள். மலைப் பிள்ளைகளுக்குப் பொம்மையைவிட ஒரு பூதக்கண்ணாடியும் கோடு போடாத நோட்டும் அதிகம் பேசும். இரவிகுளம், சின்னாறு, பறம்பிக்குளம் என்று உலகமே வந்து பார்க்கும் காடுகள் பக்கத்தில் இருக்கின்றன. 2018-இல் பூத்த நீலக்குறிஞ்சி 2030-இல் மறுபடி பூக்க வேண்டும். அதுவரை குறிப்பு எழுத நோட்டு தேவைப்படும்.

வாங்கிய பிறகு எங்கே வைப்பது? 'குழந்தைகள் அறையை அமைப்பது எப்படி' என்று பத்திரிகைகள் போடும் வண்ணப் படங்களில் கட்டிலும் மேஜையும் மேகம் வரைந்த சுவரும் இருக்கும். மூணாறு லயத்தில் ஓர் அறை, ஓர் அடுக்களை, முன்னால் ஒரு சிறு வராந்தா என்பதே பல குடும்பங்களின் கணக்கு. தாத்தா பாட்டி உட்பட ஐந்தாறு பேர். பிள்ளைக்குத் தனி அறை கிடையாது. ஆனால் தனி மூலை கொடுக்க முடியும், அதற்குச் சில வழிகள் உண்டு.

முதல் எதிரி ஓதம். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் வெளிச்சுவர் வேர்க்கும். அதில் சாய்த்து வைத்த புத்தகம் பூஞ்சை பிடித்து ஒட்டிக்கொள்ளும். உள்சுவரில், அடுப்புப் புகை படாத பக்கத்தில், பிள்ளையின் கண் உயரத்துக்கு ஒற்றைப் பலகை போதும். பலகைக்கு ஆணி அடிக்க முடியாத சுவர் என்றால் கயிறு கட்டிப் புத்தகத்தை நடுப்பக்கத்தில் பிரித்துத் துணி மாதிரித் தொங்கவிடலாம். அட்டைப்படம் கண்ணுக்குத் தெரியும். அட்டை தெரிந்தால்தான் இந்த வயதில் கை போகும். மழை உச்சத்தில் தகரப் பெட்டிக்குள் போட்டு, வெயில் எட்டிப் பார்க்கும் நாளில் பிரித்து உலர்த்த வேண்டும். அந்த வேலையைப் பிள்ளையிடமே விடுங்கள்.

பாலக்காட்டின் கிழக்குப் பக்கம் கதையே வேறு. கணவாய்க் காற்று அடிக்கும் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் ஈரமில்லை, கறையான் உண்டு. பலகை சுவரை ஒட்டாமல் இரண்டு விரல்கடை தள்ளி நிற்க வேண்டும், அடித்தட்டு தரையில் படக் கூடாது. கல்பாத்தி அக்ரஹார வீடுகளில் ரேழியும் கூடமும் தாண்டிச் சுவருக்குள்ளேயே மாடங்கள் உண்டு. விளக்குக்கும் சாமான்களுக்கும் விட்டது போக ஒன்றைப் பிள்ளையின் பெயருக்கு எழுதி வைக்கலாம்.

இதையெல்லாம் சொல்லும்போதே ஒரு விஷயம் உறுத்துகிறது. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. எழுபது பேர் போனார்கள், பிள்ளைகளும் அவர்களில் உண்டு. கேரளத்தின் பட்டியல் சாதி வளர்ச்சித் துறை 'படனமுறி' என்று ஒரு திட்டம் நடத்துகிறது. வீட்டோடு சேர்த்து 120 சதுர அடியில் பிள்ளைக்குப் படிப்பறை கட்ட 2 லட்சம் ரூபாய். புத்தகம் வைக்கச் சுவர் அலமாரியும் அதில் சேர்த்தி. நல்ல திட்டம். ஆனால் சொந்த வீடு உள்ளவருக்குத்தான் அது கை கொடுக்கும். லயம் கம்பெனிக்குச் சொந்தம். வேலை முடிந்தால் வீடும் முடிந்தது என்ற நிலையில் மூன்று தலைமுறையாக வாழும் குடும்பத்தின் பிள்ளைக்குப் பலகை அடிப்பதைப் பற்றித்தான் இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

இடமில்லை என்பது மட்டும் காரணமாகாது என்று காட்டியவர்களும் இதே மலையில்தான் இருந்தார்கள். பெட்டிமுடியிலிருந்து காட்டுக்குள் நடந்தால் இடமலைக்குடி. 2010-இல் கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்தானது. முதுவான் மக்கள் வாழும் ஊர். அவர்கள் பேச்சு தமிழுக்கு நெருக்கமானது, எழுத்து கிடையாது. அங்கே இருப்புக்கல்லுக்குடியில் பி.வி. சின்னத்தம்பி என்ற முதியவர் மண் சுவர் டீக்கடையில் ஒரு நூலகம் நடத்தினார். ஆசிரியர் பி.கே. முரளிதரன் உடனிருந்தார். 2014-இல் பத்திரிகையாளர் பி. சாய்நாத் காட்டுவழியே நடந்து போய்ப் பார்த்து எழுதிய பிறகுதான் வெளியுலகுக்குத் தெரிந்தது. 160 புத்தகங்கள். அவற்றை வைக்க அலமாரி இல்லை, சாக்குப் பைகள்தான். ஆனால் யார் எதை எடுத்தார், எப்போது திருப்பினார் என்பதற்குப் பதிவேடு இருந்தது.

மூணாறுக்குக் கிழக்கே, தமிழ் பேசும் விவசாயிகளின் ஊரான வட்டவடைக்கு நூலகம் வந்தது துயரத்தின் வழியாக. அந்த ஊர்ப் பையன் அபிமன்யு எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரி மாணவர். 2018 ஜூலையில் கல்லூரி வளாகத்தில் குத்திக் கொல்லப்பட்டார். தன் ஊரில் ஒரு நூலகம் வேண்டும் என்பது அவர் ஆசை. கேரளம் முழுவதிலிருந்தும் ஆயிரக்கணக்கில் புத்தகங்கள் வந்து குவிய, 2019-இல் அவர் பெயரில் நூலகம் திறக்கப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து யாராவது பரிசு அனுப்ப நினைத்தால், பத்து வயதுப் பிள்ளைகள் படிக்கக் கூடிய தமிழ்க் கதைப் புத்தகங்களை அந்த விலாசத்துக்கும் அனுப்பலாம்.

எஸ்டேட் குடும்பங்களில் பெரிய செலவெல்லாம் போனஸ் கையில் வரும்போதுதான். அந்த போனஸுக்காகத்தான் 2015 செப்டம்பரில் மூணாறின் பெண் தொழிலாளர்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். துணியும் பாத்திரமும் அந்தப் பணத்தில் முதலிடம் பிடிக்கும். ஜூனில் பள்ளி திறக்கும்போது குடையும் பையும் நோட்டும். புத்தகத்துக்கு அந்த இரண்டு சமயங்களிலும் இடம் கிடைக்காது. நடுவில் ஜூலையில் கோவை கொடிசியாவில் புத்தகத் திருவிழா வருகிறது. வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறைக்காரர்களுக்குக் கோவை பக்கம்தான். மறையூர்க்காரர்களுக்கு உடுமலை பஸ், மூணாறுக்காரர்களுக்குப் போடிமெட்டு வழியாக இறங்கினால் தேனி. ஊரிலிருந்து மேலே ஏறி வரும் மாமாக்களும் அத்தைகளும் முறுக்கும் அதிரசமும் கொண்டுவருவது வழக்கம். அந்தப் பைக்குள் இரண்டு புத்தகத்துக்கு இடம் இருக்கும். முதல் பக்கத்தில் பிள்ளையின் பெயரை நீங்கள் எழுத வேண்டாம். எந்த எழுத்தில் எழுதுவது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும்.