விற்கக் கூடாத அலைவரிசை

பொருளியல் கற்பித்த எனக்கு, உதகை வானொலித் தொலைநோக்கி சிக்கனத்தின் அரிய சான்று. மண்டலங்களின் காந்தப்புலத்தில் ஏறத்தாழ ஒளிவேகத்தில் சுழலும் எலெக்ட்ரான்கள் உமிழும் வானொலி அலைகளை அது பெறுகிறது. 1970-இல் கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் அமைத்த அதன் நீளம் 530 மீட்டர். அட்சரேகையும் மலைச்சரிவும் ஏறத்தாழ 11 பாகை; எனவே கருவியின் அச்சு புவியச்சுக்கு இணை. ஒரே அச்சில் திருப்பினாலே ஒரு மண்டலத்தை ஒன்பது மணி நேரம் பின்தொடரலாம். நிலா மறைக்கையில் அலைகள் மங்கும் விதத்தைக் கொண்டே மண்டலத்தின் அளவைக் கணித்தார்கள். மங்கலானவை சிறியனவாகத் தெரிந்தது, பேரண்டம் என்றும் மாறாதது என்னும் கொள்கைக்கு எதிரான சான்றாயிற்று.

அரசு அலைக்கற்றையை ஏலம் விடுவதை நான் குறைகூறேன். ஆனால் உதகைக் கருவி செவிமடுக்கும் 326.5 மெகாஹெர்ட்ஸைச் சுற்றி வானியலுக்கு ஒதுக்கிய குறுகிய பட்டையைச் சந்தை விலையால் அளத்தல் தகாது. அங்கே ஏலம் கேட்க மண்டலங்கள் வருவதில்லை. பக்கத்து அலைவரிசையிலிருந்து கசியும் சிறு இரைச்சலே பல கோடி ஆண்டுகள் பயணித்து வந்த அலையை மூழ்கடித்துவிடும்.