சீனத் தலைவர்களின் வரிசை

2022 அக்டோபர் 23 அன்று பெய்ஜிங் மக்கள் மாமண்டபத்தின் மேடைக்கு ஏழு பேர் ஒருவர்பின் ஒருவராக நடந்து வந்தார்கள். முதலில் ஷி ஜின்பிங், அடுத்தவர் லி சியாங். பிரதமர் யார் என்ற அறிவிப்பு எதுவும் அன்று வரவில்லை. ஆனாலும் சீன அரசியலைக் கவனிப்பவர்கள் ஊகித்துவிட்டார்கள். 2023 மார்ச்சில் லி சியாங் பிரதமரானார்.

பிரதமருக்கு இரண்டாம் இடம் என்று நிலையான விதி கிடையாது. 2003 முதல் பத்தாண்டுகள் பிரதமராக இருந்த வென் ஜியாபாவ் மூன்றாம் இடத்தில்தான் இருந்தார். அப்போது இரண்டாம் இடம் நாடாளுமன்றத் தலைவருக்கு.

2022இல் மேடைக்கு வந்த அந்த ஏழு பேரும் சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் உயர்மட்டக் குழுவான பொலிட்பீரோவின் நிலைக்குழு. அங்கே ஒவ்வொருவருக்கும் தனித்தனி இடம் உண்டு. அன்று பொலிட்பீரோவில் இருந்த மற்ற 17 பேருக்கு அப்படி இல்லை. குடும்பப் பெயரின் சீன எழுத்தில் எத்தனை கோடுகள் என்று எண்ணி, அந்தக் கணக்கில் பெயர்களை அடுக்குகிறார்கள். அங்கே முதலில் வருபவர் பெரியவர் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். கட்சியின் மத்தியக் குழுவுக்கு 2022இல் தேர்வான 171 மாற்று உறுப்பினர்களின் பட்டியலோ வாக்குக் கணக்குப்படி அமைவது: அதிக வாக்கு வாங்கியவர் முன்னால். மத்தியக் குழுவில் இடம் காலியானால் அந்த வரிசைப்படியே நிரப்புவார்கள். ஆகவே, எந்தக் கணக்கில் எழுதிய பட்டியல் என்பதை முதலில் கேட்க வேண்டும்.

வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதற்கு 1966 ஆகஸ்ட் கொடிய சான்று. அதுவரை மாவோவுக்கு அடுத்திருந்த நாட்டின் தலைவர் லியு ஷாவோசி எட்டாம் இடத்துக்கு இறங்கினார். பாதுகாப்பு அமைச்சர் லின் பியாவ் இரண்டாம் இடத்துக்கு ஏறினார். லியுவின் பதவி அப்போது பறிக்கப்படவில்லை. கட்சியிலிருந்து அவரை நீக்கியது 1968 அக்டோபரில். அடுத்த ஆண்டு நவம்பரில், கைஃபெங் நகரில், காவலிலேயே இறந்தார். அந்த எட்டாம் இடத்தை வெறும் நடைமுறைச் செய்தியாக என்னால் வாசிக்க முடியவில்லை.

பட்டியலுக்கு வெளியேயும் அதிகாரம் இருக்கும். 1987இல் மூத்த தலைவர் டெங் சியாவோபிங் மத்தியக் குழுவிலிருந்தே விலகினார்; ராணுவ ஆணையத் தலைமை மட்டும் அவரிடம் இருந்தது. வரிசையில் முதலில் இருந்தவர் பொதுச்செயலாளர் ஜாவோ சியாங். ஆனால் முக்கியமான விஷயங்களில் டெங்கின் வழிகாட்டலையே நாடுவது என்று அப்போதே கட்சிக்குள் முடிவெடுத்திருந்தார்கள். பெய்ஜிங் வந்திருந்த சோவியத் தலைவர் கோர்பச்சேவிடம் 1989 மே 16 அன்று ஜாவோவே அதைச் சொன்னபோதுதான் வெளியே தெரிந்தது.