வீர ஜக்கதேவி வழிபாடும் தேவராட்டமும்
பாஞ்சாலங்குறிச்சி, தூத்துக்குடி மாவட்டம்

வீரபாண்டிய கட்டபொம்மன் பிறந்த இராஜகம்பளத்து நாயக்கர் சமூகத்தின் குலதெய்வம் ஜக்கம்மாள். இங்கு வீர ஜக்கதேவியாக வணங்கப்படுகிறாள்.

விஜயநகர, நாயக்கர் ஆட்சிக் காலங்களில் வடக்கிலிருந்து தமிழகம் வந்து குடியேறிய இம்மக்கள், வீட்டுப் பேச்சில் தெலுங்கையும் குலச் சடங்குகளையும் தலைமுறைகளாகக் காத்து வருகின்றனர்.

இச்சமூகத்தின் மரபு ஆடல் தேவராட்டம். திருமணத்திலும் கோயில் விழாவிலும் ஆண்கள் வரிசையாக நின்று ஆடுவர். காலில் சலங்கை, இரு கைகளிலும் கைக்குட்டை. பாட்டு இல்லை, தேவதுந்துபியின் தாளமே அடவுகளை நடத்தும். உறுமி வகையைச் சேர்ந்த இந்த இருமுகத் தோற்கருவியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்த்தும் மறுமுகத்தை அடித்தும் இசைப்பர்.

1799, 1801 ஆண்டுகளின் போர்களுக்குப் பின் கிழக்கிந்தியக் கம்பெனி பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தரைமட்டமாக்கியது. ஆயினும் வழிபாடு அழியவில்லை. 1974-இல் தமிழக அரசு நினைவுக் கோட்டையை எழுப்பியது. ஆண்டுதோறும் சித்திரையில் நடைபெறும் ஆலய விழாவுக்குப் பல ஊர்களிலிருந்து பக்தர்கள் தொடர் ஜோதி ஏந்தி வருகின்றனர்.