வீட்டின் விலையைப் பேசுமுன்

அவலூர்பேட்டை வாரச்சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் மாட்டுக்கு விலை கேட்போர் எவருமில்லை. ஆனால், வாழ்நாள் சேமிப்பையெல்லாம் கொட்டிப் புதுவீடு வாங்கச் செல்லும்போது மட்டும், "மனை நீங்கலாக 25 இலட்சம்" என்று கட்டுநர் சொன்னதும், "ஓர் இலட்சம் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டுவிட்டு, அதையே பேரம் என்று எண்ணி மனநிறைவு கொள்கிறோம். அந்த 25 இலட்சம் எதற்கென்று கேட்டோமா, வாசகர்களே?

1,000 சதுர அடி என்பார். வெளிச்சுவர், தாழ்வாரம், படிக்கட்டு யாவும் அதில் அடக்கம். நாம் புழங்கும் இடத்தை அளந்தால் 800 சதுர அடிதான் தேறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2,500 ரூபாய் என்று நாம் எண்ணியிருந்த சதுர அடி விலை, உண்மையில் 3,125 ரூபாய்! நாடாவைக் கையில் எடுத்துச் செல்வதில் வெட்கமென்ன? இக்கணக்கை எதிரே வைத்துப் பேசுங்கள்.

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, எழுத்துமூல விற்பனை ஒப்பந்தம் பதிவாகுமுன் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் பெறலாகாது. வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்பில் குறை தோன்றினால், கட்டுநரே தம் செலவில் சீர்செய்ய வேண்டும். ஆயினும், 500 சதுர மீட்டருக்கு மேற்படாத மனையில் எழும் திட்டங்களுக்கு அச்சட்டப்படி பதிவு கட்டாயமில்லை. நம் சிற்றூர்களில் தனித்தனியே எழும் வீடுகள் பெரும்பாலும் இவ்வகையினவே. ஆதலால், அவ்விரு நிபந்தனைகளையும் நாமே ஒப்பந்தத்தில் எழுதிக் கேட்க வேண்டும். விலையைக் குறைக்க மறுப்பவர் இதற்கு இசைந்தால், அதுவும் இலாபமே. இதற்கும் தயங்குவாராயின், அவர் 2 இலட்சம் குறைத்தாலும் முன்பணம் கொடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.