குழந்தையின் அழுகை: வயிற்றுக் காற்றா, பசும்பால் ஒவ்வாமையா?

மூன்று மாதம் வரை தாய்ப்பாலில் நன்றாக இருந்த குழந்தை, தாய் வேலைக்குத் திரும்பியதும் ஆளே மாறிவிடுகிறது. 98 நாள் மகப்பேறு விடுமுறை முடியும் நேரத்தில்தான் பல வீடுகளில் புட்டிப்பால் பழக்குகிறார்கள். ஓரிரு வாரத்தில் குடித்ததெல்லாம் வாந்தி, கன்னத்தில் செதில் செதிலாகச் சொறி, மலத்தில் சளி. பாட்டி, வயிற்றில் காற்று என்று எண்ணெய் தேய்த்து ஓமத் தண்ணீர் கொடுக்கிறார். பக்கத்து வீட்டு அக்கா பால் மாவை மாற்றச் சொல்கிறார். டின்னின் பெயர் மாறுகிறது. குழந்தையின் நிலை மாறவில்லை. கடையில் கிடைக்கும் வழக்கமான பால் மாவுகள் அநேகமாக எல்லாவற்றிலும் இருப்பது அதே பசும்பால் புரதம்தான்.

அந்தப் புரதத்தை உடலின் எதிர்ப்புச் சக்தி ஓர் எதிரியாக நினைத்துத் தாக்குவதே பசும்பால் ஒவ்வாமை. நூறு குழந்தைகளில் இரண்டு மூன்று பேருக்கு இது இருக்கலாம். இதை லாக்டோஸ் பிரச்சினையோடு பலர் குழப்பிக்கொள்கிறார்கள். லாக்டோஸ் என்பது பாலில் உள்ள சர்க்கரை. அது செரிக்காமல் போவது கைக்குழந்தைகளிடம் பிறவியிலேயே இருப்பது மிக அரிது. கடுமையான வயிற்றுப்போக்குக்குப் பின் சில நாள் அல்லது சில வாரம் வந்து போகும். லாக்டோஸ் நீக்கிய பால் மாவில் புரதம் அப்படியே இருக்கும். புரதத்துக்கு ஒவ்வாத குழந்தைக்கு அதை வாங்கிக் கொடுப்பது காசுக்குத்தான் கேடு.

அறிகுறிகள் இரு வகை. சில குழந்தைகளுக்குப் பால் குடித்த சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உடம்பெல்லாம் தடிப்பு, உதடும் கண்ணும் வீக்கம், திடீர் வாந்தி வரும். மூச்சு இழுத்தாலோ, குழந்தை வெளிறித் துவண்டாலோ உடனே 999-ஐ அழைக்க வேண்டும். தோட்டத்திலிருந்து ஆஸ்பத்திரி தூரம் என்றால், வீட்டில் வைத்துப் பார்ப்போம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இன்னொரு வகை மெதுவானது. பல மணி நேரம் கழித்தோ இரண்டு மூன்று நாள் கழித்தோ தெரியும். மலத்தில் சளி அல்லது ரத்தக் கீற்று, ஓயாத வயிற்றுப்போக்கு, மருந்து போட்டும் ஆறாத சொறி, பால் குடிக்கும்போதே முதுகை வளைத்துக்கொண்டு அழுவது, எடை ஏறாமல் நிற்பது. பாலுக்கும் தொல்லைக்கும் இடையே இவ்வளவு இடைவெளி இருப்பதால்தான் பழி காற்றின் மேலும் கண் திருஷ்டியின் மேலும் விழுகிறது.

அதற்காக அழுகிற குழந்தைக்கெல்லாம் ஒவ்வாமை என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. ஆறு வார வயதில் குழந்தைகள் அதிகம் அழுவது இயல்பு. மூன்று நான்கு மாதத்தில் தானாகக் குறையும். குடித்த பிறகு கொஞ்சம் கக்குவதும் இயல்புதான். எடை சீராக ஏறி, தோலும் மலமும் நன்றாக இருந்தால் பெரும்பாலும் கவலைப்பட வேண்டியதில்லை.

சந்தேகம் இருந்தால், என்ன குடித்தது, எப்போது, என்ன நடந்தது என்று ஒரு வாரத்துக்கு எழுதி வைத்து, சொறியையும் மலத்தையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, சுகாதாரப் பதிவுப் புத்தகத்துடன் கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போகலாம். எடைக் கோடு எங்கே சாய்ந்தது என்று அந்தப் புத்தகத்தைப் பார்த்தாலே மருத்துவருக்குத் தெரிந்துவிடும்.

மெதுவான வகையை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனை பெரிதாக உதவாது. மருத்துவர் மேற்பார்வையில் இரண்டு முதல் நான்கு வாரம் பசும்பாலை முழுமையாக நிறுத்த வேண்டும். தொல்லை குறைந்தால் மீண்டும் கொஞ்சம் கொடுத்துப் பார்க்க வேண்டும். திரும்ப வந்தால்தான் அது ஒவ்வாமை. பலர் இந்தக் கடைசிப் படியைத் தவிர்த்துவிடுவதால், ஒவ்வாமையே இல்லாத குழந்தைகளும் ஆண்டுக்கணக்கில் பாலில்லாமல் வளர்கின்றன. ஆனால் உடனடி வகை அறிகுறி கண்ட குழந்தைக்கு வீட்டில் ஒரு துளிகூடக் கொடுத்துப் பார்க்கக் கூடாது. அந்தச் சோதனை ஆஸ்பத்திரியில் நடக்க வேண்டியது. தைப்பூசத்தில் பால்குடப் பாலை ஆசையாகக் குழந்தையின் நாக்கில் வைக்கும் உறவினர்களுக்கும் இதை முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கும் இந்த ஒவ்வாமை வரலாம், ஏனென்றால் தாய் சாப்பிடும் பாலின் புரதம் கொஞ்சம் தாய்ப்பாலில் கலக்கிறது. உடனே, உன் பால் சேரவில்லை, நிறுத்திவிடு என்கிறார்கள். அது தவறு. நிறுத்த வேண்டியது தாய் குடிக்கும் தே தாரேக்கை. மைலோ, தயிர், மோர், நெய், சீஸ், பால்கோவா எல்லாம் அதோடு சேரும். தாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,000 மில்லிகிராம் கால்சியம் தேவை. நெத்திலி, முள்ளோடு சாப்பிடும் டின் சார்டின், கேழ்வரகு, முருங்கைக்கீரை, தோஃபு உதவும். போதாவிட்டால் மருத்துவர் மாத்திரை தருவார்.

புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்குப் புரதம் மிக நுண்ணியதாக உடைக்கப்பட்ட சிறப்புப் பால் மாவு தேவை. கடுமையான நிலையில் அமினோ அமிலப் பால் மாவு தரப்படும். ‘ஹெச்.ஏ.’ என்று எழுதிய டின்களில் புரதம் பாதிதான் உடைந்திருக்கும். அவை சிகிச்சைக்கு ஆகாது. சிறப்பு மாவின் வாடையும் கசப்பும் முதலில் குழந்தைக்குப் பிடிக்காது, மலம் பச்சையாகப் போகலாம். பயப்பட வேண்டாம். விலை அதிகம் என்பது உண்மையான சிரமம். வசதி இல்லாதவர்கள் அரசு மருத்துவமனையின் மருத்துவச் சமூகப் பணிப் பிரிவில் உதவி கேட்டு விண்ணப்பிக்கலாம்.

விலைக்குப் பயந்து வேறு பாலுக்குப் போவதுதான் ஆபத்து. ஆட்டுப்பாலிலும் எருமைப்பாலிலும் உள்ள புரதம் பசும்பாலுடையதைப் போன்றதே. பெரும்பாலான குழந்தைகளுக்கு அதுவும் ஒத்துக்கொள்ளாது. பாசார் மாலாமில் வாங்கும் சோயா பால் கைக்குழந்தையின் உணவே அல்ல. டின் பாலைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் பழக்கம் தோட்டங்களில் ஒரு காலத்தில் இருந்தது. இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அதில் இருப்பது பெரும்பகுதி சீனி. ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு மட்டுமல்ல, எந்தக் கைக்குழந்தைக்கும் அது கூடாது.

ஆறு மாதத்தில் திட உணவு தொடங்கும்போது தயிர்ச்சோறும் நெய்ச்சோறும்தான் நம் வீடுகளில் முதலில் நினைவுக்கு வரும். பருப்பு, மீன், முட்டை, காய்கறி கலந்த குழைந்த சோறு கொடுக்கலாம். டின்னில் வரும் குழந்தைக் கஞ்சி மாவு பலவற்றில் பால் பவுடர் உண்டு. ‘சுசு’, ‘செர்புக் சுசு’, ‘பெப்பெஜால் சுசு’, ‘மெந்தேகா’, ‘கேசின்’, ‘வே’ என்ற சொற்கள் லேபிளில் இருந்தால் வாங்கக் கூடாது. பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்பவரிடமும் இந்தப் பட்டியலை எழுதிக் கொடுக்க வேண்டும். வீட்டில் அவ்வளவு கவனமாக இருந்துவிட்டு, அங்கே ஒரு பிஸ்கட்டில் எல்லாம் வீணாகிவிடும்.

பெரும்பாலான குழந்தைகளுக்கு மூன்று முதல் ஐந்து வயதுக்குள் இந்த ஒவ்வாமை போய்விடுகிறது. மெதுவான வகை என்றால் பெரும்பாலும் அதற்கு முன்பே. ஒன்பது மாதம் முதல் ஒரு வயதுக்குள் மருத்துவர் மறுபடி சோதித்துப் பார்ப்பார். முதலில் நன்றாக வெந்த பிஸ்கட்டில் உள்ள பால், பிறகு கேக், அப்புறம் தயிர். தம்ளரில் பால் வருவது கடைசியில்தான்.