சைக்கிளில் மின்னணு கியர்: போட்ட பணத்துக்குப் பலன் உண்டா?

மாரண்டஹள்ளி கடைவீதியில் மளிகைக் கடை நடத்தும் நம் உறுப்பினர் ஒருவர் சென்ற மாதம் ஒரு கேள்வியோடு நம்மிடம் வந்தார். பெங்களூரில் வேலை பார்க்கும் அவருடைய மகன் மலையில் ஓட்டும் கியர் சைக்கிள் ஒன்று வாங்கத் தீர்மானித்திருக்கிறான். சைக்கிள் வாங்குவதில் தகப்பனாருக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் கம்பியால் மாற்றும் கியர் வேண்டாம், பட்டனைத் தொட்டால் மாறும் மின்னணு கியர்தான் வேண்டும் என்று மகன் பிடிவாதமாக இருக்கிறான். கூடுதலாக ஆகும் தொகையைக் கேட்டதும் நம் உறுப்பினர், "தீபாவளிக்கு எண்ணெய் டின் கொள்முதல் செய்ய வைத்திருக்கும் பணம் அது. அவ்வளவு கொடுத்து வாங்கும்படி அதில் என்ன இருக்கிறது?" என்றார்.

அதே வாரத்தில் சைக்கிள் உதிரி பாகங்கள் விற்கும் இன்னொரு உறுப்பினர், இந்தச் சரக்கை இங்கே வாங்கி வைத்தால் போகுமா என்று கேட்டார். இரண்டு பேருக்கும் சேர்த்து விளக்கமாக எழுதுவது மற்றவர்களுக்கும் பயன்படும் என்று கருதி இக்கட்டுரையை வெளியிடுகிறோம்.

கம்பி கியர் வேலை செய்யும் விதம்

நாம் பழகிய கேரியர் சைக்கிளில் பின் சக்கரத்தில் ஒரே ஒரு பிரீவீல்தான் உண்டு. ஒரு மூட்டை அரிசியைக் கட்டிக்கொண்டு மேட்டில் ஏறும்போது இறங்கித் தள்ளுவோம். கியர் சைக்கிளில் பின் சக்கரத்தில் சிறிதும் பெரிதுமாகப் பல பல்சக்கரங்கள் அடுக்காக இருக்கும். மலைச் சைக்கிள்களில் இப்போது 12 வரை வந்துவிட்டது. மேட்டில் பெரிய பல்சக்கரத்துக்கும், சமதரையில் சிறிய பல்சக்கரத்துக்கும் செயினை மாற்றிக்கொண்டால் காலுக்குச் சிரமம் குறையும்.

செயினை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் கருவிக்கு டெரெய்லர் என்று பெயர். பின் சக்கரத்தின் அருகே கீழ்நோக்கித் தொங்குவது அதுதான். சாதாரண கியரில் கைப்பிடியிலுள்ள விசையிலிருந்து இதுவரை ஒரு மெல்லிய இரும்பு ஒயர், உறைக்குள் ஓடுகிறது. விசையை அழுத்தினால் ஒயர் இழுபட்டு டெரெய்லர் நகரும். பல்சக்கரங்களுக்கு நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளிதான். ஆகவே ஒயர் சற்றே தளர்ந்தாலும், உறைக்குள் சேறு புகுந்தாலும், செயின் கறகறவென்று சத்தம் போடும். மாற வேண்டிய இடத்தில் மாறாது. அப்போது ஒயர் முனையிலுள்ள சிறு திருகைக் கால் சுற்று திருப்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஒயர் அறுந்தால் புது ஒயர் போட்டுக்கொள்ளலாம். சில நூறு ரூபாய்க்குள் முடிகிற வேலை.

மின்னணு கியரில் என்ன மாற்றம்?

மின்னணு கியரில் ஒயர் இழுப்பு இல்லை. டெரெய்லருக்குள்ளேயே ஒரு குட்டி மோட்டார் இருக்கிறது. கைப்பிடியிலுள்ள பட்டனைத் தொட்டதும் மோட்டார் சுழன்று, எவ்வளவு தூரம் நகர வேண்டுமோ அவ்வளவே நகர்த்தும். கட்டளை சில மாடல்களில் மின்கம்பி வழியாகவும், சிலவற்றில் கம்பியே இல்லாமல் வானொலி அலை மூலமாகவும் போகிறது.

இது ஒரே நாளில் வந்ததல்ல. பிரான்சு நாட்டு மாவிக் கம்பெனி 1992-இலேயே பந்தய சைக்கிளுக்கு இப்படி ஒன்றைக் கொண்டுவந்தது. 1999-இல் கம்பியில்லா மாடலையும் விட்டது. இரண்டும் சந்தையில் நிலைக்கவில்லை. ஜப்பானின் ஷிமானோ 2009-இல் சாலைப் பந்தய சைக்கிளுக்கு வெளியிட்ட மின்னணு கியர்தான் ஊன்றி நின்றது. அதே கம்பெனி 2014-இல் மலைச் சைக்கிளுக்கும் கொண்டுவந்தது. அமெரிக்காவின் ஸ்ராம் கம்பெனி 2019-இல் மலைச் சைக்கிளுக்குக் கம்பியே இல்லாத கியரை வெளியிட்டது. முதலில் விலை உயர்ந்த தொகுப்புகளில் மட்டும் இருந்த இவ்வசதி, 2021-இல் அதே கம்பெனியின் நடுத்தரத் தொகுப்புக்கும் இறங்கியது.

நன்மைகளை மறைக்க வேண்டியதில்லை

முதலாவது, ஒயர் தளர்வது, உறை துருப்பிடிப்பது என்ற தொல்லைகள் அடியோடு போய்விடுகின்றன. ஒருமுறை சரியாகப் பொருத்திவிட்டால் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி மாறும்.

இரண்டாவது, விரலுக்கு வேலை குறைவு. ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம் ஓட்டுகிறவர்களுக்கும், கை விரல் மூட்டுகளில் வலி உள்ளவர்களுக்கும் இது பெரிய உதவி.

மூன்றாவது, ஸ்ராம் கம்பெனியின் கம்பியில்லா டெரெய்லர் பாறையில் இடித்தால், மோட்டாரின் பிடி தானே விலகிக்கொடுத்துப் பிறகு பழைய இடத்துக்கு வந்துவிடும். சிறிய அடிகளைத் தாங்க இந்த ஏற்பாடு உதவுகிறது.

ஆனால் கவனிக்க வேண்டியவை

பேட்டரிக்குச் சார்ஜ் போட மறக்கக் கூடாது. மேலே சொன்ன கம்பியில்லா கியரில் டெரெய்லர் பேட்டரி ஒரு சார்ஜுக்குச் சுமார் 20 மணி நேர ஓட்டத்துக்கு வரும் என்பது கம்பெனியின் கணக்கு. சார்ஜ் ஏற ஒரு மணி நேரம். கைப்பிடிப் பட்டனுக்குள் காசு வடிவிலான சிஆர் 2032 பேட்டரி இருக்கிறது. அது சுமார் இரண்டு ஆண்டு வரும். சார்ஜ் தீர்ந்தால் கியர் எந்த நிலையில் இருந்ததோ அதே நிலையில் நின்றுவிடும். சமதரை கியரில் நின்றுவிட்டால் மலையடிவாரத்திலிருந்து தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும். நம் மின்னணுத் தராசில் சார்ஜ் இறங்கினால் பிளக்கைச் செருகிக்கொள்கிறோம். காட்டில் அதற்கு வழி இல்லை.

அடுத்து உடைசல். மலைச் சைக்கிளில் பாறைக்கும் வேருக்கும் மிக அருகில் தொங்கும் பாகம் டெரெய்லர்தான். பெரிய அடி பட்டால் கம்பி டெரெய்லரும் உடையும், மின்னணு டெரெய்லரும் உடையும். நஷ்டத்தின் அளவில்தான் வித்தியாசம். மோட்டாரும் மின்சுற்றும் உள்ளேயே இருப்பதால் மின்னணு டெரெய்லர் கம்பி டெரெய்லரைப் போலப் பல மடங்கு விலை. நம் ஊர் சைக்கிள் கடைக்காரர் கோட்டம் எடுப்பார், பால்ரஸ் மாற்றுவார், பங்க்சர் ஒட்டுவார், ஒயர் கோர்ப்பார். மோட்டாரைப் பிரிக்க அவரிடம் போக முடியாது. பெங்களூருக்கு எடுத்துப் போக வேண்டும். உதிரி வரும்வரை சைக்கிள் வீட்டில் நிற்கும்.

மூன்றாவது, பலரும் மின்னணு கியரால் தீரும் என்று நினைக்கும் கோளாறுகள் சில அதனால் தீர்வதில்லை. செயின் தேய்ந்திருந்தாலும், பல்சக்கரம் தேய்ந்திருந்தாலும், டெரெய்லரைத் தாங்கும் ஹேங்கர் என்ற காது வளைந்திருந்தாலும் எந்த கியரும் ஒழுங்காக மாறாது. கியர் சரியில்லை என்று வருகிறவரின் சைக்கிளில் முதலில் பார்க்க வேண்டியது இந்த மூன்றைத்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

மேலே குறிப்பிட்ட நடுத்தர கம்பியில்லா கியரை ஏற்கெனவே உள்ள சைக்கிளில் பொருத்துவதற்கான தொகுப்பு 2021-இல் வெளிவந்தபோது அமெரிக்காவில் விலை 600 டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 44,000 ரூபாய். இறக்குமதி வரி, கூலி எதுவும் இதில் சேரவில்லை. இத்தொகையையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி என்று வைத்தால் மாதம் 440 ரூபாய், ஆண்டுக்கு 5,280 ரூபாய். வேலைக்குப் போகும் பையன் ஞாயிற்றுக்கிழமைதான் ஓட்டுவான். ஆண்டுக்கு 50 நாள் என்றால், ஒரு நாள் ஓட்டத்துக்கு வட்டி மட்டும் 105 ரூபாய்க்கு மேல். தேய்மானம் தனி. இதனால் மிச்சமாவது என்ன? ஆண்டுக்கு ஒன்றிரண்டு கியர் ஒயரும், அவ்வப்போது திருகைத் திருப்பும் ஐந்து நிமிடமும்தான்.

மின்னணு என்றாலே வீண் செலவு என்று நாம் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். நம் கடைகளில் தட்டுத் தராசு போய் மின்னணுத் தராசு வந்தபோதும் இதே கேள்வி எழுந்தது. அதற்கும் ஒரு கணக்குப் பார்ப்போம். தராசு 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 100 எடை, ஆண்டுக்கு 300 நாள் கடை என்றால் 30,000 எடை. முதல் ஆண்டிலேயே மொத்த விலையையும் கழித்தாலும் ஒரு எடைக்கு 20 காசுதான். அதோடு கை எடையில் போகும் கூடுதல் சரக்கு மிச்சம், கூட்டத்தில் நேரம் மிச்சம், வாடிக்கையாளருக்கு எண் கண்ணெதிரே தெரிவதால் வாக்குவாதமும் இல்லை. ஆகவே அங்கே போட்ட பணம் திரும்பி வந்தது. முத்திரைச் செலவையும் பேட்டரிச் செலவையும் யாரும் பெரிதாக எண்ணவில்லை.

இரண்டும் மின்னணுதான். ஒன்று நாள் முழுவதும் உழைக்கிறது, மற்றொன்று வாரத்தில் ஆறு நாள் சும்மா நிற்கிறது. பணம் தேறுவதும் தேறாததும் இதில்தான் இருக்கிறது.

யாருக்குத் தகும்?

பந்தயத்தில் கலந்துகொள்கிறவருக்குத் தகும். ஒரு நொடி முன்பின் ஆனாலும் பரிசு போய்விடும் இடத்தில் துல்லியமான கியருக்கு விலை உண்டு. அதே சமயம் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். 2016 ரியோ ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் பந்தயத்தில் தங்கம் வென்ற சுவிட்சர்லாந்து வீரர் நினோ ஷுர்ட்டர் ஓட்டியது கம்பி கியர் சைக்கிள்தான். கை விரலில் வலியோ பலவீனமோ உள்ளவருக்கும் மின்னணு கியர் தகும். மோட்டார் உதவியோடு ஓடும் பேட்டரி சைக்கிளில் பெரிய பேட்டரி ஏற்கெனவே இருப்பதால், அதிலிருந்தே மின்சாரம் எடுக்கும் கியர் என்றால் தனிச் சார்ஜ் தொல்லையும் இல்லை.

பஞ்சப்பள்ளி அணைப் பக்கமும் மலையடிவார மண் பாதைகளிலும் ஞாயிற்றுக்கிழமை ஓட்டி மகிழ நினைக்கும் பையனுக்கு நல்ல கம்பி கியர் போதும். மிச்சப் பணத்தில் நல்ல டயர், நல்ல பிரேக், தலைக்கவசம் வாங்கினால் சைக்கிளும் நன்றாக ஓடும், ஓட்டுகிறவனுக்கும் பாதுகாப்பு. கம்பி கியர் காலாவதியாகிவிடும் என்ற பயமும் வேண்டாம். 2023-இல் ஹேங்கர் காதே இல்லாமல் சைக்கிள் சட்டத்தில் நேரடியாகப் பொருத்தும் மின்னணு கியரைக் கொண்டுவந்த அதே ஸ்ராம் கம்பெனி, 2025-இல் அந்த அமைப்பிலேயே கம்பியால் இயங்கும் மாடலையும் விற்பனைக்கு விட்டது. தயாரிப்பாளரே கம்பியைக் கைவிடவில்லை.

கடையில் வாங்கி வைக்கலாமா?

சைக்கிள் உதிரி விற்கும் உறுப்பினருக்கு நம் யோசனை இது. மின்னணு கியர் சாமான்களை ஸ்டாக் வைக்க வேண்டாம். ஒரு கம்பெனியின் பட்டன் இன்னொரு கம்பெனியின் டெரெய்லரோடு சேராது. 11 பல்சக்கரச் செயின் வேறு, 12 பல்சக்கரச் செயின் வேறு. மாடல் மாறினால் சரக்கு முடங்கும். கேட்டு வருகிறவரிடம் முன்பணம் பெற்று வரவழைத்துக் கொடுக்கலாம். கியர் ஒயர், உறை, செயின், செயின் எண்ணெய், டியூப், சிஆர் 2032 பேட்டரி ஆகியவை நின்று போகும் சரக்கு. சைக்கிளுக்கும் அதன் பாகங்களுக்கும் ஜிஎஸ்டி 12 சதவீதமாக இருந்தது 22-9-2025 முதல் 5 சதவீதமாகக் குறைந்துள்ளது. பில் போடும்போது பழைய விகிதம் விழாமல் கவனித்துக்கொள்ளவும்.

மகனுக்காகக் கேட்ட உறுப்பினரிடம் இக்கணக்கைக் காட்டினோம். வாங்கிக்கொண்டு போய் மகனிடம் போனில் படித்துக் காட்டியிருக்கிறார். "முதலில் கம்பி கியரில் ஒரு வருடம் ஓட்டு. வாரம் தவறாமல் ஓட்டினால் அடுத்த வருடம் பட்டன் கியருக்குப் பாதிப் பணம் நான் தருகிறேன்" என்று சொன்னாராம். பையனும் சம்மதித்துவிட்டான். நம்மைக் கேட்டால் இதுவே நியாயமான தீர்ப்பு. தீபாவளிக் கொள்முதலும் கெடவில்லை, பையன் மனமும் நோகவில்லை.

கடைக்கோ வீட்டுக்கோ புதிதாக எந்த எந்திரம் வாங்கினாலும் உறுப்பினர்கள் நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டுகிறோம். வருடத்தில் எத்தனை முறை பயன்படும்? பழையதில் உண்மையில் என்ன குறை? கெட்டுப் போனால் எங்கே பழுது பார்ப்பது? போடும் பணத்தை வேறு எதில் போட்டால் என்ன கிடைக்கும்? இந்த நான்குக்கும் பதில் திருப்தியாக இருந்தால் தாராளமாக வாங்கலாம்.